உனக்காக இழுத்த முதல் இழுப்பு

என் அன்பு அந்தோணி மச்சானுக்கு,

மூச்சு முட்டாத ஒரு இடத்தில் நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்குத்தான் முட்டுகிறது. பயத்தில்.

நான் பீடியை நிறுத்திவிட்டேன். சிரிக்காதே. இன்றோடு நாற்பத்து மூன்று நாள். முப்பத்து நாலு வருஷமாகச் சட்டைப் பையில் இருந்த கட்டும் தீப்பெட்டியும் இப்போது இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கை தானாகப் பைக்குப் போகிறது. வெறுங்கையாகத் திரும்புகிறது பார், அதை யாரிடம் சொல்வது? என்னைக் கட்டிக்கொண்ட உன் தங்கச்சி மேரி, வீட்டில் தீப்பெட்டியே வைப்பதில்லை. அடுப்புக்கு ஒரு லைட்டர் வாங்கி, அதையும் தன் கண் முன்னாலேயே வைத்திருக்கிறாள். நான் கிராம்பை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தி வந்து நிறுத்தினேன் என்று நினைக்காதே. பயந்துபோய் நிறுத்தினேன். ஒரு நாள் பல் விளக்கும்போது இருமித் துப்பினேன். எச்சிலில் சிவப்பாக ஒரு கோடு. உனக்கும் அப்படித்தானே ஆரம்பித்தது? வெற்றிலைக் கறை என்று நீ என்னிடம் பொய் சொன்னாய், நானும் நம்பினது போல் இருந்துவிட்டேன். எனக்கு நானே அந்தப் பொய்யைக்கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நான் வெற்றிலை போடுகிறவன் இல்லையே.

கள்ளக்குறிச்சியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். வலது பக்கம் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது என்றார். ஒரு மாசம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார், நிழல் போகவில்லை. போன வாரம் ஸ்கேனும் எடுத்தாயிற்று. வருகிற வியாழக்கிழமை முடிவு. "வரும்போது வூட்ல யாரையாவது கூட்டிக்கினு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சோறு தின்ன விடவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்களா மச்சான்? உனக்கும் சொன்னார்களா?

இப்போதெல்லாம் கல்வராயன் மலைப் பாதைதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குவோம். மாற்று டிரைவர் என்று எனக்குப் பேர்தான், மலையில் மட்டும் ஸ்டியரிங்கைத் தரமாட்டாய். லோடு வண்டி, வளைவுக்கு மேல் வளைவு, உன் இரண்டு கைக்கும் வேலை.

"டேய் சவரி, ஒண்ணு பத்த வெச்சிக் குடுடா" என்பாய். பீடிக்கு நெருப்பைக் காட்டினால் மட்டும் போதாது, யாராவது இழுத்தால்தான் பற்றும். முதல் தடவை, அதுவரை பீடியைத் தொட்டறியாத நான் உனக்காக ஒரு இழுப்பு இழுத்து, இருமி, கண்ணில் தண்ணீரோடு அதை உன் உதட்டில் வைத்தேன். "கத்துக்கினியா? இனிமே மலையில நீதான்டா எனக்கு மூணாவது கை" என்று சிரித்தாய். ஒரே மாசத்தில் உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. அந்தப் பாதையில் நீ குடித்த பீடியெல்லாம் என் வாயிலிருந்து உன் வாய்க்குப் போனதுதான். உன்னை அனுப்பிவைத்தவன் நானோ மச்சான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் உயிர் போனபோது நான் பக்கத்தில் இல்லை. வெளியே புங்க மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் ஓடி வந்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சிக்குத்தான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். கல்லறைத் திருநாளில் உன் அப்பாவுக்கு நீ அதிரசம் வைப்பாயே, அது போல உனக்கு நான் ஒரு பீடி. மெழுகுவர்த்தியில் காட்டி, முதல் இழுப்பு இழுத்து, சிலுவைக்குக் கீழே வைப்பேன். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். எடுத்து இன்னொரு இழுப்பு. போன இரண்டு வருஷமும் முழுப் பீடியும் என் நெஞ்சுக்குள்தான் போனது.

இன்று மறுபடியும் கல்லறைத் திருநாள். காலையில் நானும் மேரியும் உன் கல்லறையில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்தோம். சாயங்காலம் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்குள் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கக் கடைக்குப் போனேன். பழைய வாடிக்கை அல்லவா, கடைக்காரர் கேட்காமலேயே ஒரு பீடிக் கட்டையும் எடுத்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மச்சானுக்குத்தானே, எனக்கில்லையே என்று பையில் போட்டுக்கொண்டேன்.

உன் சிலுவைக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிந்தது. ஒரு பீடியை உருவி வாயிலும் வைத்துவிட்டேன். அந்த வாசனை ஏறியது. இழுத்தால் நாற்பத்து மூன்று நாளும் போச்சு. இழுக்காவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். செத்தவன் கோபத்துக்குப் பயப்படும் வயசா எனக்கு? ஆனால் பயந்தேன்.

"எங்க அண்ணன் கேட்டுச்சா?" என்றாள் மேரி.

"இன்னா மேரி... அதுக்குப் புடிக்குமே."

"கடசியா அது இன்னா கேட்டுச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க வெளிய இருந்தீங்க. பீடி கேக்கல. 'ஜன்னலத் தொற மேரி, காத்தே வரல'ன்னுச்சு." சாய்ந்திருந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தாள். "ஜன்னல் தொறந்துதாங்க இருந்துச்சு."

மூன்று வருஷமாக இதை அவள் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நான் எங்கே நின்றேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தாங்க இருக்குது. வியாழக்கெழம நான் வரேன்" என்றாள்.

வாயிலிருந்த பீடியையும் பையிலிருந்த கட்டையும் சுண்ணாம்பு வாளியில் போட்டேன். கொஞ்சம் மிதந்து, அப்புறம் உள்ளே போய்விட்டது.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. சாட்சி இருந்தால்தான் நான் சொன்ன சொல்லில் நிற்பேன், உனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை என்ன சொல்வார்களோ. நல்லதோ கெட்டதோ, முதலில் உன்னிடம் வந்துதான் சொல்வேன். இனி உனக்கு மெழுகுவர்த்தியும் அதிரசமும் மட்டும்தான், கோபித்துக்கொள்ளாதே. இழுக்கத்தான் வேண்டும் என்றால், அந்தச் சிலுவைப் பக்கத்தில் நின்று, நீ கேட்டுக் கிடைக்காத காற்றை, என்னால் முடிகிற மட்டும் உனக்கும் சேர்த்து இழுப்பேன்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
மலைப் பாதையில் உன் மூன்றாவது கை,
உன் மச்சான் சவரிமுத்து