வெறும் குழாயில் நீலம்

ஜூன் 11, செவ்வாய்

என் ஆய்வு வழிகாட்டி சாரிடம் இன்று சொல்லாதது: பெப்டைடு சேர்க்காத வெறும் கரைசலும் நீலமாக ஒளிர்ந்தது. அந்தச் சோதனைக் குழாயை மட்டும் உருவி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மற்றவை யு.வி. என்ற புற ஊதா விளக்கில் அழகாக ஒளிர்ந்தன. என் பெப்டைடு இரண்டே அமினோ அமிலங்கள் கொண்ட மூலக்கூறு. தனித்தனியாக இருக்கும்வரை இருட்டு, தாமே அடுக்கி நாராகச் சேர்ந்தால் ஒளி. என் மூன்று வருட ஆராய்ச்சி. சார் கைதட்டினார். "வெள்ளிக்கிழமை பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பிடலாம்மா."

புழுக்கம். விடுதியில் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணையை நாளைக்கும் திறக்கமாட்டார்களாம்.

ஜூன் 12, புதன்

பிரிக்காத பாக்கெட்டிலிருந்து புது பிளாஸ்டிக் குழாய்கள். மறுபடி அதே சோதனை. எல்லாம் இருட்டு. பெப்டைடு போட்ட குழாயும்கூட.

அப்படியானால் கண்ணாடிக் குழாயில்தான் ஏதோ. கழுவுகிற செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"லேப் சோப்பு தீந்து பத்து நாளாச்சு பாப்பா. கேட்டா இந்தா அந்தாங்கறாங்க. வீட்லேருந்து துணி பவுடர் கொண்டாந்தேன். பளிச்சுனு இல்ல?"

"நல்லா அலசுனீங்களாக்கா?"

"தண்ணி எங்க இருக்கு? ஒரு அலசுதான். காவேரியவா திருப்பி விடச் சொல்ற?"

சிரித்தார். நானும்.

வெள்ளைத் துணி பளிச்சிட பவுடரில் ஒன்று சேர்ப்பார்கள். யு.வி.யில் நீலமாக ஒளிரும். இளங்கலையிலேயே படித்தது.

ஜூன் 13, வியாழன்

வாங்க வேண்டியவை: பேனா ரீஃபில், தலைவலி மாத்திரை. அம்மாவுக்கு போன்.

சொன்னால் அக்காவை நிறுத்திவிடுவார்கள். தினக்கூலிதான், கேட்க ஆளில்லை. வீட்டில் அவர் கூலி மட்டும்தான் வருமானம். அவர்கள் உழுத குத்தகை வயலில் எண்ணெய்க் குழாய் புதைத்தார்கள். இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது. மறித்து உட்கார்ந்த அக்கா வீட்டுக்காரர் மேல் வழக்கு. வாய்தா வாய்தாவாக அலைகிறார்.

சொல்லாவிட்டால் என் பெயரில் ஒரு பொய் அச்சாகும். அதை நம்பி யாரோ ஒரு பெண் மூன்று வருடம் தொலைப்பாள்.

ஜூன் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். சார் கேட்டது ஒன்றுதான்.

"யாரு கழுவுனது?"

"நான்தான் சார்."

அந்நேரம் பார்த்து அக்கா குழாய்க் கூடையோடு உள்ளே.

"அய்யே, அது சும்மா சொல்லுது சார். படிக்கிற புள்ளையக் கழுவ விடுவேனா? எல்லாம் நான்தாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தார்.

கூடையை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தேன்.

ஜூன் 17, திங்கள்

பேப்பர் போகவில்லை. செல்வி அக்காவைச் சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். கழுவும் தொட்டியடியில் வேறொரு அம்மா. லேப் சோப்பு நாலு கேன் வந்திருக்கிறது.