நகராத சைக்கிளில் கிரிவலம்

செவ்வாய், இரவு

பக்கவாதம் வந்த கீழ்பென்னாத்தூர் ஏழுமலை, என் பிசியோதெரபி அறையின் நகராத சைக்கிளை ஐந்து நிமிடத்துக்கு மேல் மிதித்ததே இல்லை. சோம்பல் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். ஷூ இல்லாமல் ஏறக்கூடாது என்பதும் என் சட்டம்தான். இன்று கழற்றச் சொல்லிக் கெஞ்சினார். சரியென்று கழற்றி, வெறுங்காலைப் பெடலோடு பட்டையால் கட்டிவிட்டேன். இருபது நிமிடம் விடாமல் மிதித்தார். நாடித்துடிப்பு எல்லையைத் தொட்டதும், "போதுங்க" என்றேன்.

"இன்னும் கொஞ்சங்க. அடி அண்ணாமலை வந்துட்டேன்" என்றார், நாக்கு குழற.

அது கிரிவலப் பாதையில் பாதி வழி. ஜன்னலுக்கு வெளியே மலை. இத்தனை நாளும் அதைத்தான் சுற்றப் பார்த்திருக்கிறார். ஷூ போட்டுக்கொண்டு எப்படிச் சுற்றுவார்?

"நாளைக்கு அங்கேருந்தே ஆரம்பிக்கலாங்க" என்றேன்.

பட்டையை அவிழ்க்கக் குனிவதற்கு முன், என் ஷூவையும் கழற்றினேன்.