மூலை எழுத்து

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் விடுதிச் சாப்பாடு இப்போதாவது தேறியதா?

அப்பாவின் புது லென்ஸ் வந்துவிட்டது. ஞாயிறு முழுக்க அதே சோதனைதான். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, டேப் பிடித்து அளந்து, நாற்பது படம் எடுத்தார். பிறகு கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, “மூலையில எழுத்து மங்குது பாரு” என்றார். எனக்கு ஒன்றும் மங்கவில்லை. லேத் பட்டறையில் அரை நூல் பிசகினாலும் பொறுக்காதவர் அல்லவா?

“பேப்பருக்கே ஆல்பம் போடலாம். நம்ம மூஞ்சிதான் ஒண்ணுகூட இல்ல” என்கிறாள் அம்மா.

இப்போது இதைவிடப் பெரிய கேமரா ஒன்றின் மேல் கண். அவருக்கு ஆங்கிலம் வராததால், அதைப் பற்றி வருகிற கட்டுரைகளை நான்தான் படித்துத் தமிழில் சொல்கிறேன். உன் ஊர்ப் பள்ளியின் விண்ணப்பத்தை நீட்டினால், “கேமரா வரட்டும், பார்க்கலாம்” என்கிறார். கையெழுத்துப் போட்டு அனுப்ப மே 31 கடைசி நாள். அந்தப் பள்ளி நூலகம் இரண்டு மாடியாமே!

உன்,
புத்தகப்புழு

மே 11

என் புழுவே,

உனக்கு முன் அப்பாவுக்குப் படித்துச் சொல்லும் வேலை என்னுடையதுதான், தெரியுமா? நான் இங்கே ஓடி வந்ததற்குப் பாதிக் காரணம் அது.

ஒரு பொய் சொல். அந்தக் கேமரா மட்டம் என்று எழுதியிருப்பதாகப் படி. உன் பள்ளிக்கு எடுத்து வைத்த பணமாவது தப்பும். என் அறையில் உனக்கு ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா

மே 19

அன்புள்ள அக்கா,

சொன்னேன். “சூடாகிறதாம், மூலையெல்லாம் மங்குகிறதாம், வாங்கியவர்கள் திட்டுகிறார்கள்” என்று முகத்தை இறுக்கிக்கொண்டு படித்தேன். அப்பா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் பட்டறையிலிருந்து வரும்போதே சிரிப்பு. “நல்லவேளை நீ சொன்னே பாப்பா! இல்லேன்னா அதுல போய் விழுந்திருப்பேன். அதுக்கு மேல உள்ளதுக்கே கடையில சொல்லிட்டு வந்துட்டேன்.”

முன்பணமாகக் கொடுத்தது என் பள்ளிப் பணம்.

“உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்று தலையைத் தடவினார். அழுகை வந்தது. கொஞ்சம் பெருமையும் வந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன்,
புழு

மே 24

அடி பைத்தியமே,

உண்மையைச் சொல்லிவிடு. திட்டுவார், திட்டட்டும். கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கச் சொல். விண்ணப்பத்தையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நில். கட்டிலைக் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். வார்டன் முதலாம் தேதி வரைதான் பொறுப்பார்.

அக்கா

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திட்டவே இல்லை அக்கா. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்போ அந்தக் கேமராவும் நல்லாத்தான் இருக்குமா?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் விண்ணப்பத்தை நீட்டினேன். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “இப்ப சரியாப் படி, பாப்பா. ஒரு வரி விடாம” என்றார்.

எழுந்து போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்க வந்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

படித்தேன். ஒரு வரி விடவில்லை. நேற்று கடைசி நாள். இன்னொரு கட்டுரை கொண்டு வந்தார், அதையும் படித்தேன்.

கட்டிலை அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுத்துவிடு, அக்கா.

உன் தங்கை