மலைக்கு அந்தப் பக்கத்து மழை

தீர்த்தன் கரை, ஜூலை 6

அன்புத் தம்பி தாபேவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே செல்பேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது. பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றுலா வருபவர்களுக்காக நான் போட்ட ஆற்றோரக் கூடாரங்கள் எல்லாம் வெள்ளத்தோடு போயின. விருந்தினர்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். சமையல்காரர் டேக் ராமுக்குக் கால் முறிந்தது.

மே மாதம் வெயில் அதிகம், ஜூன் கடைசிதான் கூடாரத்துக்கு உகந்தது, மழை குறைவு என்று நீ ஆய்வுக்காகப் போட்டு அனுப்பிய மழை அட்டவணையில் இருந்தது. நான்தான் தப்பாகப் படித்திருக்கிறேன். ஊர்க்கூட்டத்தில், "ஆத்தங்கரையில கூடாரம் போடச் சொன்னது யாரு பிம்லா? உன் தம்பி படிச்ச படிப்பா?" என்றார்கள். "அவனை இழுக்காதீங்க. படிக்கத் தெரியாதவ நான்தான்" என்றேன்.

வரும் 16ஆம் தேதி, மாதப் பிறப்புச் சங்கராந்தி அன்று ஊர்த்தெய்வத்தின் பல்லக்கு முன் குற்றத்தை ஏற்க வேண்டும். ஏற்றால், இனி கூடாரம் போடுவதில்லை என்று வாக்கும் கொடுக்க வேண்டும். எங்கே தவறினேன் என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
பிம்லா

சிம்லா, ஜூலை 9

அன்புள்ள அக்கா,

அட்டவணையில் இருப்பது சராசரி. சராசரி ஒரு நாளைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்த மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆய்வு வேலை. சங்கராந்திக்கு வர இயலாது.

தாபே

தீர்த்தன் கரை, ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

புரிந்தது. சராசரியை நம்பியது என் பிழை. டேக் ராமிடம் சொன்னேன். "சராசரியா பாத்தா எனக்கு அரைக் காலுதான் முறிஞ்சிருக்கு, போ" என்கிறார். படுத்துக்கொண்டும் வாய் ஓயவில்லை.

அக்ரூட் அனுப்பியிருக்கிறேன். என்னை நினைத்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

பிம்லா

சிம்லா, ஜூலை 14

அக்கா,

நீ சரியாகத்தான் படித்தாய்.

நம் பள்ளத்தாக்கின் மழைமானியில் ஏழு வருடக் கணக்கு இல்லை. அந்த இடத்தில் மலைக்கு அந்தப் பக்கம் வறண்டு கிடக்கும் ஸ்பிதியின் எண்களை நிரப்பினேன். மலை தாண்டி அங்கே மேகம் போகாது. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே நிரப்பினேன். அட்டவணை முழுமையாக இருக்கிறது என்று ஆய்வு ஆசிரியர் தட்டிக்கொடுத்தார்.

இதைத்தான் போன கடிதத்திலேயே எழுதினேன். கிழித்துவிட்டு, சராசரி என்று எழுதினேன்.

அக்ரூட்டைத் தொட முடியவில்லை.

சங்கராந்திக்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும். நானே வரலாம். பேருந்து நிலையம் வரை வந்துவிட்டேன். ஓட்டுநரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன்.

தாபே

தீர்த்தன் கரை, ஜூலை 18

தாபே,

வழியில் மண் சரிந்து பேருந்து இரண்டு நாள் நின்றது. பல்லக்கு முன் வாக்குக் கொடுத்துத் திரும்பிய பிறகுதான் உன் கடிதம் வந்தது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

"என்ன எழுதியிருக்கான் தம்பி?" என்று டேக் ராம் கேட்டார். "நல்லா இருக்கானாம்" என்றேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது.

கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. நீ வந்து, எல்லாரும் இருக்கும்போது, உன் வாயால் படி. அதுவரை எழுதாதே.

பிம்லா