தூங்கும் பிள்ளையும் படத்தின் ஓரமும்

உன் புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் அச்சகத்திலிருந்து இன்று காலை வந்தன. உறையைக் கிழித்ததும் இரும்புலியூர் வீடு முழுக்க மை வாசனை. முதல் படத்திலேயே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. குழந்தை இயேசு தூங்குகிறார். பக்கத்தில் இருந்த மரியாளைக் காணோம். நான் அனுப்பிய முழுப்படத்தை வெட்டியிருக்கிறார்கள்.

திட்ட எனக்கென்ன தகுதி? முதலில் வெட்டியவன் நான்தானே. மறைமலை நகர் ஆலையில் கேமராவுக்கு முன்னால் வரும் கார் உதிரிபாகங்களைச் சோதிப்பது என் வேலை. பாகம் நடுவில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் குப்பை. நீ சேர்த்து வைத்திருந்த தூங்கும் குழந்தை ஓவியங்களையும் அதே பழக்கத்தில், ஒரு புரோகிராம் எழுதி, குழந்தையை மட்டும் விட்டு வெட்டிக் கொடுத்தேன். பெருமையாக வேறு இருந்தது.

"டேய் மச்சான், இன்னாடா இது? உங்க ஆலை பிரேக் பேடுன்னு நெனச்சியா?" என்று கத்தினாய்.

"தலைப்பே தூங்கும் குழந்தைதானேடா?"

"குழந்தை நிம்மதியா தூங்குதுன்னா பக்கத்துல யாரோ முழிச்சிருக்காங்க. அவங்களைத்தான்டா தூக்கிட்ட."

வெட்டாத படத்தில், உதட்டில் விரல் வைத்து மற்றவர்களை அடக்கும் மரியாளைக் காட்டினாய். ஆலிலையில் துயிலும் கண்ணனுக்குப் பக்கத்தில் யாருமே இல்லையே என்று மடக்கினேன். "சுத்தி வெள்ளம் பாரு. அங்க முழிச்சிருக்க வேண்டியவன் படத்தைப் பாக்குற நீதான்." சமாளிக்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

மருத்துவமனையில் உன் கடைசி வாரம். வழக்கம்போலக் கதவைத் தடாலென்று திறந்தேன். கட்டில் ஓரத்தில் இருந்த உன் அம்மா உதட்டில் விரல் வைத்தார். "இப்பதான்ப்பா கண்ணசந்தான்." முப்பது வயதுத் தடியன் நீ, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றேன்.

இன்று அச்சகத்துக்குப் போன் செய்தேன். "ஓரத்துல ஒண்ணுமே இல்ல சார். வெட்டினா குழந்தை பெருசா, கியூட்டா தெரியும்" என்றார் வடிவமைப்பாளர். "முழுசா போட்டா எல்லாப் பக்கமும் மாத்தணும். நினைவு நாளுக்குள்ள வராது."

"வர்றப்ப வரட்டும். முழுசா போடுங்க."

நினைவு நாளில் புத்தகம் கையில் இருக்கும் என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். மாலையில் போய்ச் சொன்னேன். "சரியா வரட்டும்ப்பா. அவனுக்கு என்ன அவசரம் இனிமே" என்றார்.

அவசரம் எனக்குத்தான், உனக்குத் தெரியும். ஆனாலும் நாளை விடுப்புப் போட்டிருக்கிறேன். வடிவமைப்பாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒவ்வொரு படத்தின் நாலு ஓரத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.