ஓட்டுகிற பெட்டியும் உருட்டுகிற பெட்டியும்

மார்ச் 3, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்பது? என்னிடமேதான். விடிந்ததும் கண் எரிச்சலோடு எழுந்திருக்கப் போகிறவளும் நான்தானே. என் மகள் பட்டாணி இப்போதுதான் தூங்கினாள்.

இன்று அவள் காலிலிருந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். சறுக்குமரத்திலிருந்து விழுந்த கால், உள்ளேயிருந்து மெலிந்து, வெளுத்து, யாருடைய காலோ போல வந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "அழகா கூடியிருச்சும்மா. இனிமே நடக்கலாம்" என்றார். அவர் சொல்லிவிட்டார். இவள் நடக்க வேண்டாமா? இறக்கிவிட்டால் வலது காலை மடக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறாள்.

"வலிக்குதாடா?"

"இல்ல. வலிக்கும்."

இந்த மாதம் 23-ஆம் தேதி பட்டாணியின் அப்பாவிடம் போகிறோம். வேலைக்காக அவர் முன்னால் போய் அரை வருஷம் ஆகிறது. நான், ஐந்து வயதுப் பிள்ளை, பெட்டிகள், நடுவில் மாறி ஏற இன்னொரு விமானம். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் கனம் மடியைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 5, வியாழன்

ஓர் அடிகூட வைக்கவில்லை. பொம்மையைத் தூர வைத்துக் கூப்பிட்டேன். தவழ்ந்து போய் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 7, சனி

அண்ணி வந்தார். பட்டாணி அப்பாவின் அக்கா. துணி வியாபாரம், சரக்கு எடுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவர். முட்டி வலியால் நடக்க முடியாமல் வாங்கிய, மோட்டார் வைத்த மின்சாரப் பயணப் பெட்டியைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்றா சொல்வது? லிஃப்டிலிருந்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே வந்தார். எதிர்வீட்டுக்காரர் கையில் பால் பாக்கெட்டோடு சிலையாகிவிட்டார்.

"என்ன பாக்கற? உன் புருஷன் கார்ல போறான், நான் பெட்டியில போறேன்."

"அண்ணி, எனக்கு இதெல்லாம் ஓட்ட வராது."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துதா? புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு பெட்டிய எதால இழுப்ப? உனக்கு என்ன துதிக்கையா இருக்கு?"

"ரெண்டு பேரைத் தாங்குமா?"

"என்னையே தாங்குது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா என்னில பாதி வருவீங்களா?"

பட்டாணி சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து இப்படி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. அண்ணியிடம் நேரில் நன்றி சொன்னால் திட்டுவார். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மின்சாரப் பெட்டி காலியாகவே என் பழைய நீலப் பெட்டியைப் போல இரண்டு மடங்கு கனம். மோட்டாரும் பேட்டரியும் அடைத்துக்கொண்டது போக, பட்டாணியின் உடுப்பும் மருந்தும்தான் உள்ளே கொள்ளும். நீலப் பெட்டியில் ஒரு சக்கரம் முனகும். ஆனால் மூடிமேல் ஏறி உட்கார்ந்தால் இன்னும் நாலு சட்டைக்கு இடம் கொடுக்கிற நல்ல மனசு அதற்கு.

விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போக வேண்டுமாம்; கழற்ற வராத பெட்டி என்றால் ஏற்றவே மாட்டார்களாம். விமான நிலையத்துக்குள் ஓட்ட விடுவார்களா என்பது அங்கங்கே உள்ளவர்கள் இஷ்டமாம். ஒரே கேள்வியை நான் திருப்பித் திருப்பிக் கேட்டும் அந்தப் பெண் குரல் மாறாமல் பதில் சொன்னாள். அவள் பெற்றவர்கள் நன்றாயிருக்கட்டும்.

ஓட்டினால் பிள்ளை சிரிக்கிறாள். ஆனால் காலை ஊன்ற மாட்டாள். உருட்டுகிற பெட்டி என்றால் அவளை யார் தூக்குவது? எதை எடுத்துப்போவது?

மார்ச் 11, புதன்

இப்போதுதான் டாக்டரிடமிருந்து வந்தோம்.

மத்தியானம் மாடி வராந்தாவில் ஓட்டிப் பழகினோம். பட்டாணி முன்னால், நான் பின்னால். நன்றாகத்தான் போனது. எதிர்வீட்டுச் செருப்பு அலமாரி நெருங்கியதும் நான் பிரேக்கைப் பிடிக்காமல் வேகத்தை அழுத்திவிட்டேன். ஐயோ, எனக்கு ஏன் இந்த வேலை, யார் சொன்னாங்க என்னை ஓட்டச் சொல்லி — கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். சர்ர்ரென்று ஒரு சத்தம். பெட்டி நின்றது.

"அம்மா, கத்தாத. நான்தான் நிறுத்திட்டேன்ல?"

பார்த்தால் இரண்டு காலும் தரையில். வலது காலும்.

"வலிச்சுதா?"

யோசித்தாள். "மறந்துட்டேன்."

அப்படியே வாரி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். மறுபடி ஒடஞ்சிருந்தா? அவ அப்பாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்? டாக்டர் அழுத்திப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "காலுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் தண்ணி குடுக்கணும் போலிருக்கு. இனிமே மோட்டாரைப் போடாதீங்க. பெட்டிமேல உக்காந்து காலால தள்ளிட்டுப் போகட்டும். பிரேக் போட்டவளுக்கு அதுவா வராது?"

அந்தப் பொறுமைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

மார்ச் 12, வியாழன்

பேட்டரியைக் கழற்றிவிட்டேன். வராந்தா முழுக்க இரண்டு காலாலும் தள்ளிக்கொண்டு போகிறாள், குளத்து வாத்து மாதிரி.

மார்ச் 16, திங்கள்

பெட்டிமேல் பொம்மையை உட்கார வைத்துப் பின்னால் நின்று தள்ளினாள். சமையலறை வாசலில் பெட்டி இடித்து நின்றது. அவள் நிற்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டு உள்ளே வந்து பிஸ்கட் டப்பாவைக் கேட்டாள். பிடிமானம் இல்லாமல் நாலைந்து அடி இருக்கும். நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் அவளுக்கு நினைவு வந்துவிடுமே! டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று ஒரு பயம்.

மார்ச் 20, வெள்ளி

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்.

"என்ன, ஓட்டத் தெரியாம திருப்பிக் குடுக்கறியா?"

"ஓட்டத் தெரியாததுதான் நல்லதாப் போச்சு, அண்ணி."

அவருக்குப் புரியவில்லை. பட்டாணியை வாசலிலேயே இறக்கிவிட்டேன். துணிக்கட்டுகளுக்கு நடுவே, சாய்ந்து சாய்ந்து, அத்தையை நோக்கிப் போனாள். அண்ணி குனிந்து அவள் காலைப் பார்த்தார். "நடையப் பாரு, சரக்குல குறை கண்டுபிடிக்க வர்றவ மாதிரி" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு துணியை மடித்தார். அது ஏற்கெனவே மடித்து வைத்த துணி.

நீலப் பெட்டிதான். அதை விமானத்தில் ஏற்றக் கொடுத்துவிட்டால் என் இரண்டு கையும் அவளுக்கு.

மார்ச் 22, ஞாயிறு

நாளை கிளம்புகிறோம். பெட்டி கட்டியாகிவிட்டது. அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது: "ஏர்போர்ட்ல நீங்க வெளிய வந்ததும் ஓடி வந்து தூக்கிக்கறேன். அவ கால் தரையில படாம வீட்டுக்குக் கொண்டுவந்துடறேன். நீ கவலைப்படாத."

இனி மறைக்க முடியாது. அடித்து அடித்துத் திருத்தி இப்படி அனுப்பினேன்:

"ஓடி வராதீங்க. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்னு கையை மட்டும் நீட்டுங்க. நம்ம பொண்ணு நடக்கறா. வலது கால் இன்னும் கொஞ்சம் சாயுது, அதனால நேரமாகும். உங்களால நிக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் நில்லுங்க. அவளே வருவா. பார்த்ததும் சீக்கிரம் பதில் போடுங்க."