ஆத்தா குளிர்ந்த நாள்

விசுவமடு,
பங்குனி, 2022.

அன்புள்ள சுமித்திரா அப்பாவுக்கு,

வணக்கம். நானும் மகன் சுமனும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் கட்டாரில் சுகமாக இருக்க வேண்டும். போன் வந்தால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு உங்கள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் அங்கே வேலைக்கு வரும் சதீஸ் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

மேட்டுக் காணியில் உழுந்து பிடுங்கியாயிற்று. இந்த முறை யானை வேலியோடு திரும்பிவிட்டது.

மகள் போனதைப் பற்றி அத்தை உங்களுக்குச் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. தை மாதம் நம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போனதல்லவா? பிள்ளைகளுக்கு வெறும் தடிமன், மூக்குச் சளிதான். அதை நாங்கள் மறந்தே போன பிறகு சுமித்திராவுக்குக் காய்ச்சல் கண்டது. கண் இரண்டும் சிவந்தன, உதடு வெடித்தது, உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்தது. அத்தை பார்த்ததும் கும்பிட்டார். “ஆத்தா வந்திருக்கா, ஊசி கீசி போட்டா கோவிச்சுக்குவா” என்று சொல்லி, வேப்பிலையைச் செருகி வாசல் படலையைச் சாத்திவிட்டார்.

நான் உங்களிடம் போனில் அழுதேன். “அம்மா சொல்றதக் கேளு, அவங்க எத்தனை பிள்ளைக்குப் பார்த்தவங்க” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

பிள்ளை வயிற்று வலியில் சுருண்டாள். அத்தை வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காலை அவள் கையும் காலும் சில்லென்று ஆகிவிட்டன. வீட்டில் எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ஆத்தா குளிர்ந்துவிட்டாள், இறங்கப்போகிறாள் என்று அத்தை மஞ்சள் தண்ணீரைப் பிள்ளையின் தலைக்கு ஊற்றினார். பொங்கி அயலுக்கெல்லாம் கொடுத்தார். பொங்கல் வாங்க வந்த தங்கம்மா அக்காதான் பிள்ளையின் நகம் நீலமாக இருப்பதைப் பார்த்துக் கத்தி ஆட்டோ பிடித்தார்.

அது அம்மையே இல்லையாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொரோனா வந்துபோன பிள்ளைகளில் யாரோ சிலருக்குச் சில கிழமை கழித்து இப்படி வருமாம். உடம்பெல்லாம் அழற்சி கண்டு, இதயம் களைத்து, இரத்தம் ஓட மாட்டாதாம். கை கால் குளிர்ந்தது அதனாலாம். மருந்தும் இருக்கிறதாம். “கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால், தங்கச்சி...” என்று தொடங்கிய டொக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். பொழுது சாய முன்னமே போய்விட்டாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பொங்கல் பானை கழுவாமல் கிடந்தது.

இப்போது அத்தை வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணி சுற்றி, அதைச் சுமித்திரா என்கிறார். ஊர்ச் சனம் வந்து கும்பிடுகிறது. நீங்களும் அதற்கு ஒரு கொட்டகை போடச் சொன்னீர்களாம். அவளுடைய நீலச் சட்டையை நான் வீடெல்லாம் தேடினேன். கல்லுக்குக் கீழே புதைத்துவிட்டாராம். அவரை நான் மன்னிக்கப்போவதில்லை. உங்களையும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சுமனுக்கும் அதே கொரோனா வந்து போனதால், காய்ச்சல் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடி வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். போன கிழமை அவனுக்கு உடம்பு சுட்டது. சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பயமில்லை என்றார்கள். திரும்பி வந்தால் படலையில் பூட்டுத் தொங்குகிறது. “அக்கா காவலுக்கு நிக்கிறா, தம்பிக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?” என்று அத்தை உள்ளே நின்று கேட்டார். பிள்ளையோடு வெயிலில் நின்று கெஞ்சிய பிறகுதான் திறந்தார். அன்றிலிருந்து சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

நான் சொல்லி அவர் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாய் வராவிட்டால், கொட்டகையைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு கல் வைக்க வேண்டிவரும்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மகள் உங்களைக் காப்பாள் என்று அத்தை ஒவ்வொரு முறையும் போனில் சொல்கிறார். நான் அப்படி எழுத மாட்டேன். அவளுக்கு ஏழு வயது. இருட்டினால் கிணற்றடிக்குப் போகவே என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
சுதர்சினி